மத்தீஸின் கடதாசி வெட்டுப் படம் ஒன்றை யாழ்ப்பாணத்து வீட்டுச் சுவரில் மாட்டுவது என்றால்

கேள்வி இதுதான். கொக்குவிலில் புதிதாகக் கட்டிய வீட்டின் ஹோலில் ஒரு பெரிய சுவர் வெறுமையாக இருக்கிறது. அதில் பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸின் கடதாசி வெட்டுப் படம் ஒன்றை மாட்ட ஒரு தம்பிக்கு ஆசை. இணையத்தில் தேடினால் ஒரே படம் சில ஆயிரம் ரூபாய்க்கும் வருகிறது, அதைப்போலப் பல மடங்கு விலைக்கும் வருகிறது. எல்லாவற்றிலும் 'மியூசியம் குவாலிட்டி' என்று போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது, எங்கட வெக்கைக்கும் மாரிக்கும் எது தாக்குப்பிடிக்கும் என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, 'மியூசியம் குவாலிட்டி' என்று முத்திரை குத்தித் தருகிற சபை ஒன்றும் கிடையாது. விற்கிறவர் தானாகவே போட்டுக்கொள்கிற பெயர் அது. ஆகவே அந்தச் சொல்லை விட்டுவிட்டு மூன்று விஷயத்தைக் கேளுங்கள்: எந்தக் கணினிக் கோப்பிலிருந்து அச்சடித்தது, எந்த மை, எந்தக் கடதாசி. இந்த மூன்றுக்கும் நேரான பதில் தராதவரிடம் வாங்கவேண்டாம். ஆனால் இவை சரியாக இருந்தாலும் யாழ்ப்பாணத்தில் பாதி வேலைதான் முடிந்திருக்கும். மீதிப் பாதி பிரேமிலும் சுவரிலும் இருக்கிறது. நல்ல பிரதி ஒன்றைக் கெட்ட பிரேமில் போட்டால் இரண்டு மாரி தாங்காது. சாதாரணமான பிரதிகூட நல்ல பிரேமில் வருடக்கணக்காக நிற்கும்.

அதற்கு முதல், எந்தப் படம் என்பதை யோசிக்கவேண்டும். பலர் இதை யோசிப்பதே இல்லை.

1941இல் லியோன் நகரில் மத்தீஸுக்கு வயிற்றுப் புற்றுநோய்க்காகப் பெரிய சத்திர சிகிச்சை நடந்தது. அப்போது அவருக்கு 71 வயது. அதற்குப் பிறகு நெடுநேரம் எழுந்து நின்று வரைய உடம்பு இடம் கொடுக்கவில்லை. பெரும்பாலும் கட்டிலும் சக்கர நாற்காலியும்தான். அந்த நிலைமையில்தான் அவர் கத்தரிக்கோலை முழுமூச்சாகக் கையில் எடுத்தார். உதவியாளர்கள் வெள்ளைத் தாள்களில் குவாஷ் பூசிக் காயவைத்துக் கொடுப்பார்கள். குவாஷ் தண்ணீரில் கரைகிற வர்ணம்தான், ஆனால் வோட்டர் கலர் போல அடியில் இருக்கிற தாள் தெரியாது. காய்ந்தால் மினுக்கமில்லாமல் அடர்த்தியாக இருக்கும். அந்தத் தாளில் நேரே கத்தரிக்கோலை விட்டு வெட்டுவார். வெட்டிய துண்டுகளைச் சுவரில் குண்டூசியால் குத்திவைத்து, மேலே கீழே என்று மாற்றிப் பார்த்து, நாட்கணக்காக இடம் தேடுவார். மனம் ஒப்பின பிறகுதான் பசை போட்டு ஒட்டுவது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அசலில் இந்த வேலையின் அடையாளம் அப்படியே இருக்கிறது. தூரிகை போன வரி வர்ணத்துக்குள் தெரியும். சில இடங்களில் குண்டூசித் துளை இருக்கும். ஒரு துண்டு இன்னொன்றின்மேல் ஏறுகிற ஓரத்தில் மயிரிழை அளவுக்கு நிழல் விழும். கத்தரிக்கோல் திரும்பின மூலையில் வெட்டு கொஞ்சம் தடுமாறியிருக்கும். நல்ல பிரதி என்பது இவற்றைக் காட்டுகிற பிரதி. மலிவான பிரதிகளில் பல, படத்தைக் கணினியில் திரும்பக் கீறி, ஒரே நிறத்தை நிரப்பி எடுத்தவை. தூரத்தில் பார்த்தால் அதே படம். கிட்டப் போனால் உள்ளே ஒன்றுமே இருக்காது.

அடுத்தது அளவு. லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிற 'நத்தை' 1953இல் செய்தது. ஒவ்வொரு பக்கமும் 287 சென்ரிமீற்றருக்குக் கிட்ட. சாதாரண வீட்டுச் சுவர் ஒன்றை முழுதாக மூடிவிடும். நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்திலுள்ள 'நீச்சல் குளம்', நீஸ் நகரில் ரெஜினா ஹோட்டலில் அவருடைய சாப்பாட்டறைச் சுவர்களைச் சுற்றியே 1952இல் செய்தது. இவற்றை ஒரு முழ அகலத்துக்குச் சுருக்கினால் நிறத்தின் வடிவம் மிஞ்சும், ஆனால் ஆளைச் சூழ்ந்துகொள்கிற அந்தப் பெரிய தன்மை போய்விடும். 1952இன் 'நீல நிர்வாணம்' வரிசை ஓரளவு சமாளிக்கும். அவை ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் கூடக்குறைய உயரம்தான்.

என்னைக் கேட்டால் 'ஜாஸ்' தொகுப்பிலிருந்து ஒன்றை எடுங்கள். 1947இல் பாரிஸில் தெரியாட் என்ற பதிப்பாளர் வெளியிட்ட புத்தகம் அது. 20 படங்கள், கூடவே மத்தீஸ் தன் கையாலேயே தூரிகையில் எழுதிய பக்கங்கள். விரித்த தாள் 42க்கு 65 சென்ரிமீற்றர். அதாவது இந்தப் படங்கள் முதலிலிருந்தே கடதாசியில் அச்சாகவேண்டும், இந்த அளவில் பார்க்கப்படவேண்டும் என்று செய்யப்பட்டவை. உங்கள் சுவரில் அதே அளவில், ஒரு சென்ரிமீற்றர்கூடச் சுருக்காமல் மாட்டலாம். பெரிய சுவர்ப் படம் எதற்கும் இந்த வசதி இல்லை. நீலத்தில் கறுத்த உருவமும் நெஞ்சில் சிவப்புப் பொட்டுமாக நிற்கிற 'இக்காரஸ்' எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அதே தொகுப்பில் 'கடல்நீரேரி' என்ற பெயரில் மூன்று படங்கள் இருக்கின்றன. 1930இல் தாகிட்டித் தீவுக்குப் போய்க் கண்ட தண்ணீரும் பாசியும் பவளமும் பல வருடம் கழித்துக் கத்தரிக்கோல் வழியாக வெளியே வந்தவை. கடல்நீரேரிக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு அந்த மூன்றில் ஒன்று வீட்டில் இருப்பது எனக்கு மிகவும் பிடித்த யோசனை.

ஜாஸ் புத்தகத்தை அச்சடித்த விதத்தையும் தெரிந்துகொண்டால் பிரதியைப் பற்றிய கேள்விக்கு அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. அது சாதாரண அச்சு இல்லை. பொஷுவார் என்று சொல்கிற அச்சுத்தகட்டு முறை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தகடு வெட்டி, அதன் துளை வழியாகக் கையால் வர்ணம் பூசுவது. மத்தீஸ் பாவித்த அதே லினெல் கம்பனிக் குவாஷையே பூசினார்கள். புத்தகமாக விற்பனைக்கு 250 பிரதிகள், படங்கள் மட்டும் கொண்ட தாள் தொகுதியாக 100. அவ்வளவு கவனம் எடுத்தும் வந்த புத்தகத்தைப் பார்த்து மத்தீஸ் திருப்திப்படவில்லை. சுவரில் ஒட்டியிருந்தபோது துண்டுகளுக்கு இருந்த உயிர்ப்பு அச்சில் தட்டையாகிப் போய்விட்டது என்பதுதான் அவருடைய மனத்தாங்கல். அவருக்கே அப்படி என்றால், இன்றைக்கு நாங்கள் வாங்குகிற பிரதியில் எதைத் தேடவேண்டும் என்பது விளங்கும்: அந்த ஓரமும், அந்த வர்ணத்தின் உடம்பும்.

சரி, இனி மைக்கு வருவோம்.

கல்யாண அட்டை, சுவரொட்டி, கலண்டர் எல்லாம் ஓப்செட்டில் நான்கு மையால் அடிப்பவை. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு நிறத்துப் புள்ளிகளை நெருக்கமாகப் போட்டு மற்ற நிறமெல்லாம் காட்டுவார்கள். புகைப்படத்துக்கு அது போதும். மத்தீஸுக்குப் போதாது. அவருடைய அல்ட்ராமரீன் நீலமும் பளிச்சென்ற செம்மஞ்சளும் நான்கு மையின் எல்லைக்கு வெளியே நிற்கிற நிறங்கள். நீலம் ஒன்றில் மங்கும், அல்லது ஊதாப் பக்கம் சரியும். செம்மஞ்சள் அழுக்கேறினது போல வரும். நிறம் மட்டுமே இருக்கிற படத்தில் நிறம் பிழையாகிவிட்டால் பிறகு என்ன மிச்சம்? ஆகவே மலிவான சுவரொட்டியில் வாங்கவே கூடாத ஓவியர் யார் என்று கேட்டால் முதலில் இவர் பெயரைத்தான் சொல்வேன்.

இப்போது நல்ல பிரதிகள் பிக்மென்ட் மை இன்க்ஜெட்டில் வருகின்றன. எப்சன், கெனன் போன்ற கம்பனிகளின் பெரிய இயந்திரங்களில் 10, 12 மைகள் வரை இருக்கும். செம்மஞ்சள், பச்சை, ஊதா போன்றவற்றுக்குத் தனி மையே உள்ளவையும் உண்டு. அதனால் அந்த நீலத்துக்குக் கிட்டப் போகமுடிகிறது. 'ஜிக்லே' என்று விற்பதும் இதே இன்க்ஜெட்தான். அந்தப் பெயர் 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வந்தது; அந்தக் காலத்து இயந்திரங்களில் போட்ட மை சாய மை, கெதியாக வெளிறிவிட்டது. ஆகவே ஜிக்லே என்று போட்டிருந்தால் மட்டும் போதாது, பிக்மென்ட் மையா சாய மையா என்று கேட்கவேண்டும். சாயம் என்றால் நிறம் தாளில் ஊறிப் போயிருக்கும். வெளிச்சமும் ஈரமும் அதைச் சுலபமாகப் பிடிக்கும். பிக்மென்ட் என்றால் நிறம் நுண்ணிய துணிக்கைகளாக மேலே நிற்கும். அதைக் கலைப்பது கஷ்டம். வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழாவுக்கு ஒட்டுகிற ரிசுக் கடதாசியை நாலு நாள் வெயிலில் விட்டால் என்ன ஆகும் என்று இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது சாயம் செய்கிற வேலை.

ஸ்கிரீன் பிரின்டும் உண்டு. பட்டுத் திரை வழியாக ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக, தடிப்பாக அழுத்தி எடுப்பது. கடதாசி வெட்டுப் படத்துக்கு இயல்பிலேயே பொருந்துகிற முறை இதுதான் என்பது என் கருத்து. நிறம் புள்ளியாக இல்லாமல் ஒரு படையாகவே தாளில் உட்காரும். மத்தீஸே 1946இல் 'ஓசியானியா' படங்களை லண்டனில் லினன் துணியில் ஸ்கிரீன் பிரின்டாக எடுக்க ஒப்புக்கொண்டார். நல்ல ஸ்கிரீன் பிரின்ட் கிடைத்தால், தூரிகை வரி தெரியாமல் போனாலும் பரவாயில்லை, எடுங்கள். விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

கடதாசியைப் பற்றி நீட்டத் தேவையில்லை. பருத்தி நார்க் கடதாசி, அமிலம் இல்லாதது, சதுர மீற்றருக்கு 300 கிராம் அளவில் தடிப்பு, மினுக்கமில்லாத மேற்பரப்பு. ஹானெமூலே, கான்சன் போன்ற பழைய கடதாசிக் கம்பனிகளின் பெயர் இருந்தால் நல்லது. ஒன்றை மட்டும் கேளுங்கள்: வெண்மையைக் கூட்டுகிற ரசாயனம் சேர்த்த தாளா என்று. அந்தத் தாள் புதிதில் பளீரென்று இருக்கும், சில வருடத்தில் அந்த வெண்மை மங்கி மஞ்சளாகும். ஜாஸ் படங்களில் வெள்ளையும் ஒரு நிறம். அது பழுத்தால் மற்ற எல்லா நிறமும் சேர்ந்து மாறிவிடும். தொடக்கத்திலேயே கொஞ்சம் பால் நிறமாக இருக்கிற தாள்தான் பாதுகாப்பு.

கன்வஸில் எடுக்கவேண்டாம். இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். கன்வஸில் அடித்து மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டித் தருவது இங்கே பலருக்குப் பிடிக்கும், கண்ணாடிச் செலவும் மிச்சம். ஆனால் இது கடதாசியை வெட்டி ஒட்டிய படம். அதில் துணியின் இழை ஓடினால் பார்க்கிறவருக்கு அது என்ன பொருளால் ஆனது என்பதே பொய்யாகிவிடும். அதோடு கண்ணாடி இல்லாத கன்வஸில் எங்கட புழுதியும் பல்லி எச்சமும் நேரே படியும், துடைக்கவும் முடியாது.

கையில் வந்த பிரதியைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. கஸ்தூரியார் வீதியில் நகை வேலை செய்கிற ஒருவரிடம் கல் பார்க்கிற கண்ணாடியை ஐந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். நீல நிறமும் வெள்ளையும் சந்திக்கிற ஓரத்தில் வைத்துப் பாருங்கள். சிறு வட்டங்களாகப் பூப்போல ஒழுங்காக அடுக்கிய புள்ளிகள் தெரிந்தால் அது ஓப்செட் சுவரொட்டி, எந்தப் பெயரில் விற்றிருந்தாலும் சரி. ஒழுங்கில்லாமல் தூவினது போல மிக நுண்ணிய புள்ளிகள் என்றால் இன்க்ஜெட். புள்ளியே இல்லாமல் நிறம் ஒரே படையாக, ஓரத்தில் சற்று மேடாக நின்றால் ஸ்கிரீன் பிரின்ட். அப்புறம் அந்த ஓரத்தையே இன்னொருதரம் பாருங்கள். வெட்டு கூர்மையாக இருந்தால் நல்ல கோப்பு. படிப்படியாகவோ புகைபோலவோ இருந்தால் சிறிய படத்தைப் பெருப்பித்து அடித்திருக்கிறார்கள். 50க்கு 70 சென்ரிமீற்றர் பிரதி ஒன்றுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் ஏறக்குறைய 5,900க்கு 8,270 பிக்சல் வேண்டும். இணையத்தில் சும்மா கிடைக்கிற 1,200 பிக்சல் அகலப் படத்தை அதே 50 சென்ரிமீற்றருக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 61தான் மிஞ்சும். மற்றப் படங்களில் இந்தக் குறையை மறைக்கலாம். வெட்டோரமே படமாக இருக்கிற இடத்தில் மறைக்க வழியில்லை.

இன்னொரு விஷயம், இது என்னை உண்மையாகவே வருத்துகிறது. மத்தீஸ் பெயரில் விற்கிற இலை, பாசி, பெண் உருவப் படங்களில் நிறைய, மத்தீஸ் செய்யாதவை. இளஞ்சிவப்பும் சாம்பல் பச்சையுமாக இன்றைய வீட்டு அலங்காரத்துக்கு ஏற்ற நிறத்தில் யாரோ கீறி, கீழே அவர் பெயரையும் 1950களின் ஆண்டு ஒன்றையும் பிரெஞ்சில் ஒரு வரியையும் போட்டுவிடுகிறார்கள். 1953இல் பாரிஸின் பெர்க்ரூன் கலைக்கூடத்தில் அவருடைய வெட்டுப் படங்களின் கண்காட்சி நடந்தது உண்மை, அதற்குச் சுவரொட்டியும் இருந்தது. அந்தக் கலைக்கூடத்தின் பெயரைத்தான் இவர்களில் பலர் எடுத்துப் பாவிக்கிறார்கள். ஆகவே படத்தின் பெயர், ஆண்டு, அசல் எங்கே இருக்கிறது என்ற மூன்றையும் விற்கிறவர் சொல்லவேண்டும். சொன்னதை அந்த அருங்காட்சியகத்தின் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். அங்கே இல்லாத படம் என்றால் விட்டுவிடுங்கள்.

'லித்தோகிராப், 1958', அதாவது கல்லச்சு, என்று சிலர் விற்பார்கள். அது பொய்யில்லை. மத்தீஸின் கடைசிக்கால வேலைகளுக்காக 'வெர்வ்' சஞ்சிகை 1958இல் ஒரு சிறப்பிதழ் போட்டது. முர்லோ அச்சகம் லித்தோவாக அடித்தது. அதன் பக்கங்களைப் பிரித்து விற்கிறார்கள். நல்ல அச்சு, நிறமும் வடிவாக இருக்கும். ஆனால் மத்தீஸ் 1954 நவம்பரில் இறந்துவிட்டார். அதில் அவர் கையெழுத்து இருக்க வழியே இல்லை. இன்றைக்கு அடிக்கிற பிரதியில் 'எண்ணிட்டது, சான்றிதழ் உண்டு' என்று சொன்னாலும் அப்படித்தான். அந்தச் சான்றிதழ் அச்சகத்தின் சான்றிதழ், மத்தீஸினுடையது இல்லை. பார்த்து மகிழ வாங்குங்கள். காசு பெருகும் என்று நினைத்து வாங்கவேண்டாம்.

நீங்களே கோப்பு எடுத்து அச்சடிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சட்டப்படி இலங்கையில் அதற்குத் தடை இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை ஓவியர் இறந்து 70 வருடம் வரைதான். அந்தக் காலம் 2024உடன் முடிந்துவிட்டது. பிரான்சிலும் அதே கணக்கு. அமெரிக்காவில் கணக்கு வேறு. 1947இல் வெளிவந்த ஜாஸுக்கு அங்கே இன்னும் உரிமை இருக்கிறது, அதனால் அங்குள்ள அருங்காட்சியகங்களின் தளங்களில் பெரிய கோப்பை இலவசமாகத் தரவிறக்கலாம் என்று எதிர்பார்க்கவேண்டாம். சிக்கல் அச்சடிப்பதில் வரும். யாழ் நகரத்தில் பனரும் அட்டையும் வேகமாக அடிக்கிற கடைகள் தாராளமாக உண்டு. அந்த இயந்திரங்கள் அந்த வேலைக்கானவை. அங்கே போய் இதைக் கேட்டு மினக்கெடவேண்டாம். கொழும்பில் புகைப்படக் கண்காட்சிகளுக்கு அடிக்கிற இடமாகப் பார்த்து, பிக்மென்ட் மையும் பருத்திக் கடதாசியும் உண்டா என்று கேளுங்கள். முழுதாக அடிக்கமுதல் ஒரு சாண் அகலத்துக்கு நீலமும் செம்மஞ்சளும் உள்ள பகுதியை மாதிரிக்கு அடித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கைத்தொலைபேசித் திரையோடு ஒப்பிடவேண்டாம், திரை எப்போதும் கூடப் பளிச்சென்றுதான் காட்டும்.

வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் யாரும் வருகிறார்கள் என்றால் அதுவும் நல்ல வழி. பிரான்சில் நீஸிலும், மத்தீஸ் பிறந்த லு கத்தோ கம்பிரெசியிலும் அவர் பெயரிலேயே அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. பாரிஸின் பொம்பிடு நிலையம் 2025 இலையுதிர் காலத்திலிருந்து திருத்த வேலைக்காகப் பல வருடத்துக்கு மூடியிருக்கிறது, அங்கே அனுப்பி அலையவைக்கவேண்டாம். பிரதியைச் சுருட்டிக் கொண்டுவரும்போது குழாய் அகலமாக இருக்கவேண்டும். ஒடுங்கின குழாயில் வந்த தடித்த பருத்திக் கடதாசி திரும்ப நிமிர மறுக்கும், மேற்பரப்பும் வெடிக்கும். வந்த அன்றே திறந்து, சுத்தமான இரண்டு தாளுக்கு நடுவே வைத்து, மேலே பரவலான பாரம் ஏற்றி ஒரு கிழமை விடுங்கள். நிறத்தில் விரல் படக்கூடாது.

இப்போது பிரேம். இங்கேதான் பெரும்பாலான நல்ல படங்கள் கெட்டுப்போகின்றன.

எங்கட கடைகளில் வழக்கமாகச் செய்வது: படத்தைக் கண்ணாடியில் நேரே படும்படி வைத்து, பின்னால் ஹாட்போட் கொடுத்து, ஆணி அடித்து, ஓரத்துக்குச் செலோரேப் ஒட்டுவது. கல்யாணப் படங்கள் கண்ணாடியோடு ஒட்டிப்போய், எடுக்கப் பார்த்தால் முகம் உரிந்து வருவதை இங்கே எத்தனை வீட்டில் பார்க்கிறோம். காரணம் அதுதான். எங்கட காற்றில் வருடத்தின் பெரும்பகுதி ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். கண்ணாடியின் உட்பக்கத்தில் ஈரம் பிடிக்கும், தாள் அதில் ஒட்டும், பிறகு பூஞ்சணம் வரும். ஹாட்போட் அமிலம் கக்கும். சில வருடத்தில் தாளின் பின்பக்கம் மண்ணிறமாகும். செலோரேப்பின் பசை தாளுக்குள் ஊறி மஞ்சள் கறையாக முன்னுக்கே வந்து தெரியும். பின்னால் கொடுக்கிற பொருள் படத்தைக் கெடுப்பது அருங்காட்சியகங்களுக்கே நடந்திருக்கிறது. 'நீச்சல் குளம்' படத்தின் பின்னணியில் இருந்த சாக்குத்துணி வருடங்கள் போகப் போகக் கறுத்துப்போனது. 2014இல் நடந்த வெட்டுப் படக் கண்காட்சிக்கு முன் பல வருடம் மினக்கெட்டு நியூயோர்க்கில் அந்தத் துணியை எடுத்துவிட்டுப் புதிது போட்டார்கள்.

ஆகவே கடைக்காரரிடம் இப்படிச் சொல்லுங்கள். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி வேண்டும். அதற்கு மவுன்ட் போட் என்கிற அமிலமில்லாத தடித்த அட்டையில் சாளரம் வெட்டி மேலே வைக்கவேண்டும், குறைந்தது இரண்டு மில்லிமீற்றர் தடிப்பு. பின்னாலும் அதே அமிலமில்லாத போட். ஹாட்போட்தான் போடுவேன் என்றால் அதற்கும் படத்துக்கும் நடுவே அந்த போட் இருக்கட்டும். படத்தைப் பசையால் முழுதாக ஒட்டக்கூடாது. அருங்காட்சியகங்களில் யப்பானியக் கடதாசித் துண்டும் கோதுமை மாச்சத்துப் பசையும் வைத்து மேல் ஓரத்தில் மட்டும் தொங்கவிடுவார்கள். எங்கட இடத்தில் நான் அதைவிட மூலைப்பையைத்தான் விரும்புகிறேன், பசை என்றால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து. அமிலமில்லாத கடதாசியில் இரண்டு விரல் அகலப் பட்டி ஒன்று வெட்டி, இரண்டு நுனியையும் நடுவுக்கு மடித்தால் முக்கோணப் பை வரும். நாலு மூலைக்கும் நாலு. படத்தின் மூலையை அதற்குள் செருகி, ஒட்டுகிற ரேப்பைப் பையின் பின்பக்கமாகப் போட்டில் மட்டும் ஒட்டவேண்டும். படத்தில் ஒரு துளி பசையும் படாது. மாரியில் கடதாசி ஈரம் குடித்துக் கொஞ்சம் விரியும், கோடையில் சுருங்கும். பையில் ஒரு மில்லிமீற்றர் இடம் விட்டால் நெளியாமல் நிற்கும். மவுன்ட் சாளரம் அந்த மூலைகளை மறைத்துவிடும். அதனால்தான் படத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் உள்ள பிரதியாக எடுக்கவேண்டும்.

பிரேமின் பின்பக்கத்தை முழுதாக மூடி ஓரமெல்லாம் ரேப்பால் அடைக்கச் சொல்லுங்கள். குளவி மண்கூடு கட்டுவதும் பல்லி முட்டை இடுவதும் அந்த இடுக்கில்தான். கீழ் மூலைகள் இரண்டிலும் ரப்பர் பொட்டு ஒட்டினால் பிரேம் சுவரில் படாமல் ஒரு விரலளவு தள்ளி நிற்கும், காற்றுப் போகும். மரம் தேக்கு என்றால் நல்லது. கறையான் இருக்கிற பழைய வீடென்றால் அலுமினியமே மேல்.

மாட்டுகிற இடத்துக்கு, வாடைக்காற்று மழையை அடிக்கிற வெளிச்சுவரை விடுங்கள். குளியலறைக்குப் பின்புறச் சுவரையும் விடுங்கள். வீட்டுக்குள் இரண்டு அறையைப் பிரிக்கிற சுவர்தான் ஈரம் ஊறாது. புது வீடு என்கிறீர்கள். சீமெந்துப் பூச்சும் பெயின்ரும் முழுதாகக் காய ஒரு கோடை போகட்டும், அதுவரைக்கும் படத்தைத் தட்டையாக வைத்திருங்கள். விறாந்தையும், வாசல் வெயில் நேரே விழுகிற சுவரும் சரிவராது. கடதாசி வேலைகளுக்கு அருங்காட்சியகங்கள் வைத்திருக்கிற வெளிச்சம் 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கிற அலகு). நடுப்பகல் வெயில் ஒரு இலட்சம் லக்ஸுக்குக் கிட்டப் போகும். கண்ணாடிக்குப் பதிலாகப் புற ஊதாக் கதிரைத் தடுக்கிற அக்ரிலிக் தகடு போட்டால் பாதுகாப்புக் கூடும், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் நிறத்தைத் தின்னும், அதை அக்ரிலிக் தடுக்காது. மத்தீஸின் அசல்களிலேயே சில இளஞ்சிவப்பும் ஊதாவும் வெளிச்சத்தில் வெளிறக்கூடியவை என்பதால் அவற்றை மங்கின வெளிச்சத்தில்தான் காட்டுகிறார்கள்.

வாங்குகிற காசைப் பிரிக்கச் சொன்னால், பிரதிக்குப் பாதி, பிரேமுக்குப் பாதி என்று வைப்பேன். அந்தக் காசு பிரதிக்கு மட்டும்தான் போதும் என்றால் சிறிய படமாக எடுத்து நல்ல பிரேம் போடுங்கள். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்து வெளியே வருகிற பிள்ளைகள் லினோ வெட்டு, மரச்செதுக்கு அச்சு என்று செய்கிறார்கள். உயர்ந்த விலை மத்தீஸ் பிரதி ஒன்றின் காசுக்கு அவர்களிடம் கையெழுத்திட்ட அசலே வாங்கலாம். ஒரு சுவரில் மத்தீஸும் எதிர்ச் சுவரில் அவர்களில் ஒருவரும் இருந்தால் இன்னும் நல்லது.

மாட்டிய பிறகு கண்ணாடி துடைக்கும்போது திரவத்தைக் கண்ணாடியில் அடிக்காமல் துணியில் அடித்துத் துடையுங்கள், ஓரத்தால் உள்ளே இறங்கினால் மவுன்டில் கறை பிடிக்கும். அக்ரிலிக் என்றால் கண்ணாடி துடைக்கிற திரவமே கூடாது, ஈரத் துணி போதும். தை பிறந்து மழை விட்டதும் வருடத்துக்கு ஒருதரம் இறக்கிப் பின்பக்கத்தைப் பாருங்கள். ரேப் எங்கேயாவது கழன்றிருந்தால் அன்றைக்கே ஒட்டிவிடுங்கள். எந்தப் படம் என்று முடிவெடுத்தால், விற்கிறவர் மையையும் கடதாசியையும் பற்றிச் சொன்ன பதிலை அப்படியே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.